ஊறுகாய் பாட்டிலில் பனி

சென்னையில் மார்கழிக் குளிர் என்றால் மின்விசிறியை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்பதுதான். அதை நம்பித் தணிகாசலம் வீட்டில், குலுக்கினால் உள்ளே பனி கொட்டும் பனிக்குடுவை ஒன்று தயாரானது. எத்தனை முறை கழுவியும் ஆவக்காய் வாசம் போகாத பாட்டில், கிளிசரின், வெள்ளைத் தூள், மூன்று குட்டிப் பொம்மைகள். வீட்டுக் கேமராவோடு இணைத்த பொம்மைகள்; அது இத்தனை வருஷம் பார்த்து வைத்திருப்பதைக் குலுக்கும்போதெல்லாம் அப்படியே செய்து காட்டும். அடுத்த வாரம் ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் மகள் ஆதிரை, கையோடு கொண்டுபோகத்தான் இதைச் செய்தாள். மூடியைப் பசை போட்டு ஒட்டியும் விட்டாள்.

தணிகாசலம் ஆசையாகக் குலுக்கினார். பனி கொட்டியது. அம்மா பொம்மை மகளுக்குத் தலை பின்னியது. மகள் ஏதோ சொல்ல, இரண்டும் சிரித்தன. அப்பா பொம்மை முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசியது.

"தொப்பையையாவது கொஞ்சம் குறைச்சிருக்கலாம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. "ஏம்மா, என்னை உங்க பக்கம் திருப்பி வைக்கக் கூடாதா?"

"நான் வைக்கலப்பா. அதுவா நிக்குது."

"சாப்பிடும்போதாவது திரும்பியிருப்பேனே?"

"அப்பவும் போன்தாங்க" என்றாள் மனைவி பூங்கோதை.

இன்னும் இரண்டு முறை குலுக்கிப் பார்த்தார். பனிதான் இடம் மாறியது.

"விடுங்கப்பா" என்றாள் ஆதிரை, தோளைத் தொட்டு. "உங்க முதுகு எனக்கு நல்லாத் தெரியும்."

அப்போது பார்த்து அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தணிகாசலம் போனை அணைத்து, மேசையில் கவிழ்த்து வைத்தார்.

பாட்டிலுக்குள் அவர் பேசிக்கொண்டே இருந்தார்.