ஹனுக்கா என்றால் எண்ணெய்

“யாருடா இந்தப் பேத்தலை எழுதினது?”

ஹெர்ஷல் போட்ட கூச்சலில், யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவுக்கு டோனட் வாங்க நின்ற வரிசையே திரும்பிப் பார்த்தது. எதிர்மாடியிலிருந்து வீட்டுச் செருப்போடு பனியில் இறங்கி வந்திருந்தார்.

உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த ஷிஃப்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவனின் அண்ணன்தான், ரிடையரான ஹீப்ரு வாத்தியார். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் புரூக்ளினிலேயே கிடையாது.

வாசல் பலகையில் அவள் கணவன் ஃபைவல் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான்: ‘ஹனுக்கா என்றால் எண்ணெய்! சுடச்சுட டோனட் சாப்பிடுங்கள்!’

“எண்ணெயாம், எண்ணெய்! உனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

“வேற என்னண்ணா அர்த்தம்?” ஃபைவல் அப்பாவியாகக் கேட்டான்.

“திரும்ப அர்ப்பணிக்கிறதுடா, மடையா! எதிரி நாசம் பண்ணின ஜெருசலேம் கோயிலை அப்படியே போட்டுட்டா ஓடினாங்க நம்ம ஆளுங்க? கூட்டிப் பெருக்கி, விளக்கேத்தி, மறுபடியும் முதல்லேர்ந்து…”

சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார். சாக்பீஸை வாங்கிப் பலகையைத் திருத்தினார். ஃபைவல் நீட்டிய டோனட்டை வெடுக்கென்று பிடுங்கித் தின்றுவிட்டு, “ஜாம் கம்மி” என்று அதற்கும் ஒரு திட்டு.

கிளம்பும்போது மட்டும் குரல் இறங்கியது. “ஒரு பெட்டி மெழுகுவர்த்தி குடு. வீட்ல இன்னும் ஏத்தல.”

அவர் தலை மறைந்ததுதான் தாமதம், ஷிஃப்ரா வெடித்தாள்.

“ஊர் பார்க்க மானத்தை வாங்கிட்டுப் போறாரு, பொம்மை மாதிரி நிக்கறீங்க! உங்களுக்கா அர்த்தம் தெரியாது? நாம புது வீடு புகுந்தப்போ ‘ஹனுக்கத் ஹபாயித்’னு அதே வார்த்தையைப் போட்டு ஊரையே கூப்பிட்டது யாரு?”

“நான்தான்.”

“அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?”

“அண்ணி தவறினதுலேர்ந்து அவர் வாசல் தாண்டல, ஷிஃப்ரா. போனை எடுக்கல. நான் போய்க் கதவைத் தட்டினா திறக்கல. நேத்து பண்டிகையோட முதல் நாள், தெருவுல அவர் ஜன்னல் மட்டும்தான் இருட்டு.”

ஷிஃப்ரா எட்டி எதிர்மாடி ஜன்னலைப் பார்த்தாள்.

ஃபைவல் சாக்பீஸைக் கையில் எடுத்தான். “நாளைக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைத் தப்பா எழுதப் போறேன். ஹனுக்காவுக்கு ரெண்டு ‘கே’; ஒண்ணு போடட்டுமா, மூணு போடட்டுமா? எதைப் பார்த்தா அவர் சீக்கிரம் இறங்கி வருவார்?”