எண்ணெய்ச் சிமிழ்

மனைவி உர்சுலா ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடியதும் ஆம்ப்ரோஸ் தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரைக்குள் அவளோடு ஃபாதர் இயேசுதாசனும் நின்றார். அவர் கையில் சின்னதாக ஒரு வெள்ளி எண்ணெய்ச் சிமிழ் இருந்தது.

அதை ஆம்ப்ரோஸ் நன்றாக அறிவார். அவருடைய அப்பாவுக்கும் இப்படித்தான் ஒரு சாமியார் வந்து அவஸ்தை எண்ணெய் பூசினார். மூன்றாம் நாள் அடக்கப் பூசை. சாகக் கிடப்பவர்களுக்குத்தான் அந்த எண்ணெய்.

அது 1976ஆம் ஆண்டு. புற்று பிடித்த இடது நுரையீரலை எடுத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. "நல்லாத் தேறுறீங்க. ஆனா இனி ஒரு சிகரெட் தொட்டாலும் மிச்சம் இருக்கிறதுக்கு நான் பொறுப்பில்லை" என்று டாக்டர் நேற்றுத்தான் சொல்லிவிட்டுப் போனார். அப்படியானால் தேறுவது பொய்யா? எழுந்து ஓடலாமென்றால் பத்தடி நடப்பதற்குள் மூச்சு முட்டுகிறது, விலாவில் தையல் இழுக்கிறது. மனுஷன் வசமாக மாட்டிக்கொண்டார்.

"ஆம்ப்ரோஸ், இது வந்து..." என்று ஃபாதர் ஆரம்பித்தார்.

"தெரியும் ஃபாதர். சொல்ல வேணாம்."

"மொதல்ல பாவசங்கீர்த்தனம் பண்ணிடுங்க. நான் வெளிய நிக்கிறேன்" என்றாள் உர்சுலா. டிவி நாடகத்துக்கே மூக்கைச் சிந்துகிறவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. வீட்டிலேயே அழுது தீர்த்திருப்பாள், பாவம் என்று நினைத்து அவர்தான் அழுதார்.

போகத் திரும்பியவளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. உன்கிட்ட சொல்லாம போனா எனக்கு நல்ல சாவு கிடைக்காது."

"சொல்லுங்க."

"நீ மோப்பம் பிடிச்சது சரிதான். நான் இன்னும் சிகரெட்டை விடலை. பாத்ரூம்ல, தெனம் ரெண்டு. மாதா மேல சத்தியம் பண்ணினதெல்லாம் பொய்."

"யாரு கொண்டாந்து குடுக்குறது?"

ஆம்ப்ரோஸ் தயங்கினார். ஃபாதர் சிமிழின் மூடியைத் திருகினார். அதற்கு மேல் ஆம்ப்ரோஸால் தாங்க முடியவில்லை.

"உன் தம்பி அற்புதராஜ்."

சிங்கப்பூரின் வடகோடி மார்சிலிங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, தினமும் கட்டிலருகில் முட்டி போட்டு ஜெபமாலை சொல்லும் அதே அற்புதராஜ்தான்.

"ஜெபப் புத்தகத்துக்குள்ள வச்சுக் கொண்டாருவான். நான்தான் கெஞ்சினேன், அவனைத் திட்டாத. தலகாணி உறைக்குள்ள இன்னும் மூணு கெடக்கு."

உர்சுலா தலையணையைத் துழாவி மூன்றையும் எடுத்தாள். பொடிப்பொடியாக நொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

ஆம்ப்ரோஸ் மிச்சப் பாவங்களையும் ஃபாதரிடம் கொட்டினார். நெற்றியிலும் உள்ளங்கையிலும் எண்ணெய் பட்டபோது கண்களை இறுக மூடிக்கொண்டார். இருக்கும் ஒரு நுரையீரலும் எந்த நொடி நிற்குமோ என்று காத்துக் கிடந்தார்.

"சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புறாங்களாமே. ரொம்ப சந்தோஷம். ஒடம்பைப் பார்த்துக்கங்க லா" என்று சொல்லிவிட்டு ஃபாதர் கிளம்பினார்.

ஆம்ப்ரோஸ் கண்ணைத் திறந்தார். உர்சுலா திரையை விலக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் சாகலையா? பின்ன எதுக்கு இந்த எண்ணெய்?"

"நான்தான் ஃபாதரை வரச் சொன்னேன். பெரிய சீக்கா இருந்தாலே பூசலாம்னு போப்பாண்டவர் மாத்தி ரெண்டு வருஷமாச்சு. கோயில்ல எத்தனை தடவை சொன்னாங்க" என்றாள் உர்சுலா. "நீங்கதான் பூசை நேரத்துல தேக்கா மார்க்கெட்டுக்குக் கறி வாங்கப் போயிடுவீங்களே."