மேட்டிலிருந்து இறங்கலாம்

காலையில் கடலடியில் பலத்த நிலநடுக்கம். மூன்று மணி நேரமாகியும் சுனாமி கண்காணிப்பு அறையில் அவள் நாற்காலியில் சாயவில்லை. கரையோரத் தெருவே மேட்டுப் பள்ளியில் ஏறி நிற்கிறது. அவள் தங்கையும் கைக்குழந்தையும் அங்கேதான். திரையில் கடல்மட்டக் கோடு அடங்கிக் கிடக்க, மேஜைமேல் இருக்கும் பழைய அதிர்வுமானியின் முள் மட்டும் விடாமல் துடிக்கிறது. சட்டென்று மேஜைக்கடியில் குனிந்து பார்க்கிறாள். "அண்ணே, காலை ஆட்டாதீங்க! உங்களாலதான் முள்ளு ஆடுது." பக்கத்து இருக்கை மூத்த ஊழியர் நாக்கைக் கடித்துக்கொள்கிறார். முள் நேர்கோடு போடுகிறது. பின்னால் நிற்கும் மேலதிகாரி, எச்சரிக்கையை விலக்கலாம் என்று தலையசைக்கிறார். போனில் தங்கை கத்துகிறாள்: "அக்கா, இறங்கலாமா இல்லையா? பாப்பா தூங்கி என் கை மரத்துப் போச்சு!" "இறங்குடி. அவசரப் பையை மட்டும் பிரிக்காம வாசல்லயே வை." நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டுகிறாள், மேஜையில் இடிக்கிறது. முள் ஒரு துள்ளு துள்ளுகிறது. மூன்று பேரும் அதையே பார்த்துவிட்டு, அறை அதிரச் சிரிக்கிறார்கள்.