இன்னும் ரெண்டு போல்ட்டு

கறுப்பு ஷூக்கள் இரண்டும் காரை நோக்கி வருவதைப் பார்த்ததும், காருக்குக் கீழே கிடந்தவன் மூச்சை அடக்கிக்கொண்டான். ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் அந்தப் பட்டறையில் இல்லை. ஆனால் அவனுடைய கால்கள் இரண்டும் முழங்கால் வரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அந்த ஷூவை அவனுக்குத் தெரியும். மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று அவனே வாங்கிக் கொடுத்தது. இடது குதிகால் மட்டும் சாய்ந்து தேய்ந்திருந்தது, அவர் நடை அப்படி.

வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று மாமனார் கேட்டார். "நம்ம ஆபீஸர் கழட்டிட்டிருக்கார், இப்ப முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் பட்டறை முதலாளி உள்ளே போய்விட்டார்.

ஆபீஸர் என்பது பட்டறையில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர். ஆறு மாதத்துக்கு முன்பு வரை அவன் நிஜமாகவே ஓர் ஆபீஸில்தான் இருந்தான். வேலை போனதை வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. படிக்கிற காலத்தில் லீவு நாளெல்லாம் மெக்கானிக் கடையில் கிடந்தது கைகொடுத்தது.

தினமும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, பட்டறைக் கழிப்பறையில் எண்ணெய்ச் சட்டைக்கு மாறுவான். நகக்கண்ணில் ஏன் கறுப்பு என்று மனைவி கேட்டபோது, பிரிண்டர் மை என்றான். அவள் அதையும் நம்பி, அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு எலுமிச்சைத் தோலால் ஒவ்வொரு விரலாகத் தேய்த்துவிட்டாள்.

மாமனார் கார் வாங்கிய விஷயமே அவனுக்குப் போட்டோவில்தான் தெரியும். சாம்பல் நிறக் கார் ஆயிரம் ஓடுகிறது. காலையில் அவன் வருவதற்கு முன்பே வந்து நின்ற வண்டி இது, சந்தேகம் எங்கிருந்து வரும்?

கல்லில் மோதி நசுங்கி, எண்ணெய் ஒழுகுகிற வண்டி. என்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் தட்டைக் கழற்ற வேண்டும், ஆயில் சம்ப் என்பார்கள். எண்ணெயை வடித்து, சுற்றிலும் போல்ட்டுகளைக் கழற்றி, ஒட்டியிருந்த பசையைப் பிளேடால் கீறியும் விட்டிருந்தான். இன்னும் இரண்டே போல்ட்டு. தட்டு ஒரு பக்கம் இறங்கிவிட்டது, தாங்கியிருக்கும் கையை எடுத்தால் மிச்ச எண்ணெய் முகத்தில்தான்.

ஆக, மறுபக்கமாக நழுவி ஓடவும் வழியில்லை. பூமி பிளந்து விழுங்கக் கூடாதா என்பார்கள். அவன் ஏற்கனவே தரையோடு தரையாகத்தான் கிடந்தான்.

மாமனார் ஒரு ஸ்டூலை இழுத்து, சரியாக அவன் கால்மாட்டில் போட்டு உட்கார்ந்தார். சும்மா இருக்கிற மனிதரா அவர்?

"என் மாப்பிள்ளையும் ஆபீஸர்தான் தம்பி. கையில ஒரு பொட்டு அழுக்குப் படாத வேலை. அப்படிப்பட்ட இடத்துலதான் பொண்ணைக் குடுப்பேன்னு பிடிவாதமா இருந்து குடுத்தேன்."

"ம்" என்றான் அவன். ஒரு சொட்டு எண்ணெய் கன்னத்தில் விழுந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. கை இருந்திருந்தாலும் துடைத்திருக்க மாட்டான், தனக்கு இது வேண்டும் என்று தோன்றியது.

அப்போது மாமனாரின் போன் அடித்தது. ஷூக்கள் இரண்டும் சட்டென்று எழுந்து ஒட்டி நின்றன. "சரி, சரி" என்று குரல் தணிந்து குழைந்தது. மாமியாராகத்தான் இருக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான். ஊரையே அதட்டுகிற மனிதர் வேறு யாரிடம் இப்படி அடங்குவார்?

திரும்ப உட்கார்ந்ததும், இந்தக் கை அழுக்கைப் பார்த்து வீட்டில் பெண்டாட்டி ஒன்றும் சொல்ல மாட்டாளா என்று கேட்டார்.

குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு, "அவளுக்குத் தெரியாதுங்க" என்றான். பொய் சொல்லத்தான் நினைத்தான், வாய் முந்திக்கொண்டது.

மாமனார் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார். "மறைக்காதே தம்பி. உழைக்கிறதுல கேவலம் இல்ல. வீட்டு ஆளுங்க முகத்தைப் பார்த்துப் பொய் சொல்றோம் பாரு, அதுதான் ஆளைத் தின்னுடும்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை இன்னும் எத்தனை நாளைக்குச் செய்வது? கடைசி இரண்டு போல்ட்டையும் கழற்றினான். சம்ப்பைப் பத்திரமாக இறக்கித் தரையில் வைத்தான். முகத்தைக்கூடத் துடைக்காமல் நகர்ந்து வெளியே வந்து எழுந்து நின்றான்.

"மாமா, நான்தான்."

மாமனார் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவன் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கொட்டினான். வேலை போனது, ஆறு மாதம், கழிப்பறையில் மாற்றிய சட்டை, பிரிண்டர் மை. சாயங்காலம் அவளிடமும் சொல்லிவிடப் போகிறேன், எந்தப் பட்டறையில் எந்த வண்டிக்கடியில் கிடந்து உங்களைப் பார்த்தேன் என்பது உட்பட ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன் என்றான்.

திட்டு விழும் என்று காத்திருந்தான். விழவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவர் அவனைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அருகே வந்து, எண்ணெய் படிந்த அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, நான் இந்த வண்டிக்கு டிரைவர்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க."