தொலைந்த பாதை

மூன்று வருடமாக ஞாயிறுதோறும் லோர்னும் டிரென்ட்டும் மலைச் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு கனடாவின் ஸ்குவாமிஷ் காட்டைச் சல்லடை போட்டுச் சலிக்கிறார்கள். இளவயதில் இருவரும் வெட்டிய ஒற்றையடிப் பாதை புதர் மூடித் தொலைந்துபோயிருந்தது.

"இங்க இல்லடா. வா, அந்தப் பக்கம் பாப்போம்" என்றான் டிரென்ட்.

லோர்ன் நகரவில்லை. எதிரே குவிந்திருந்த கிளைகளில் ரம்பம் பட்ட வெட்டு இன்னும் ஈரமாக இருந்தது. இருவரில் ரம்பம் வைத்திருப்பவன் டிரென்ட் ஒருவன்தான்.

"நீயாடா மறைச்சே? துரோகி!"

கிளைகளை இழுத்தெறிந்தான். பாதை தெரிந்தது! சைக்கிளில் ஏறிப் பாய்ந்தான்.

இருபதடியில் காடு முடிந்தது. மலையுச்சி வரை வெறும் அடிக்கட்டைகள்.

பின்னால் வந்த டிரென்ட் முணுமுணுத்தான். "நாம தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மரக் கம்பெனிக்காரன் மொட்டையடிச்சிட்டான்டா. அதான் மறைச்சேன். தேடற வரைக்குமாவது நம்ம பாதை இருக்குன்னு நீ நெனச்சிட்டிருப்பேல்ல..."

லோர்ன் திரும்பி வந்து, கிளைகளை ஒவ்வொன்றாகப் பழையபடி அடுக்கினான்.

"அடுத்த ஞாயிறு ஓடைப் பக்கம் தேடலாம்டா."