அரிசி முடிச்சு

எதிர் டீமின் முதுகு எந்த நிறத்தில் வெளியே வரப்போகிறது என்பதுதான் கயல்விழியின் பயம்.

முதல் நிமிடத்திலேயே அடிபட்டு வெளியே வந்தவள், வலைக் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தாள். காரமடைக்குப் பக்கத்தில் பாக்குத் தோப்பை அழித்துப் போட்ட மைதானம். உள்ளே டயர் அடுக்குகளுக்குப் பின்னால் பிரவின்குமாரும் மற்றவர்களும் குனிந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். பெயின்ட்பால். துப்பாக்கியிலிருந்து கோலி அளவு குண்டு பாயும். பட்டால் உடைந்து சாயம் ஒட்டும். ஒட்டினால் அவுட்.

வாரம் முழுக்கப் பட்டறையில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுகிற கைகள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இப்படி.

இந்த ராமாமணியக்கா எதற்கு வந்திருக்கிறாள்?

பெரியநாயக்கன்பாளையத்தில் குண்டும் விற்று, துப்பாக்கிக்குச் சிலிண்டரில் காற்றும் ரொப்பித் தருகிற ஒரே கடை அவளுடையது. கல்லாவை விட்டு நகராதவள். இன்று ஸ்கூட்டரில் வந்து இறங்கி, வலைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

அவள் விற்பது வெள்ளைத் தோலுக்குள் ஆரஞ்சுச் சாயம். இன்று கயல்விழியின் டீம் சுடுவதோ போனில் வரவழைத்த சரக்கு. அதே வெள்ளைத் தோல், உள்ளே நீலம்.

ஒரே ஒரு முதுகில் நீலம் தெரிந்தால் போதும். இன்றைக்குப் பழக்க ஆட்டம்தான். அடுத்த ஞாயிறு கோயமுத்தூரில் போட்டி. விடியுமுன்னே கடையைத் திறந்து சிலிண்டர் ரொப்பித் தர வேறு நாதி கிடையாது.

விலை குறைவு என்பதற்காக மட்டும் கயல்விழி போனுக்குப் போகவில்லை. அவள் அம்மா கருப்பாத்தாள், ராமாமணி வீட்டுத் தோட்டத்தில் களை வெட்டியவள். கடைப் படியேறினால், "யாரு, கருப்பாத்தா மகளா? வா" என்பாள் ராமாமணி. பாசமாகத்தான். பக்கத்தில் நிற்கிற டவுன் பையன்களுக்கு மட்டும், "வாங்க தம்பி, உக்காருங்க."

போனில் பெயரைத்தான் கேட்பார்கள்; யார் மகள் என்று யாரும் கேட்பதில்லை.

விசில் கேட்டது. ஜெயித்த எதிர் டீம் கையை உயர்த்திக்கொண்டு வெளியே வந்தது. ஒருவர் முதுகிலும் சாயமில்லை. துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருந்தார்கள்.

"குண்டாங்க இது? ரப்பர் பந்து! பட்டுப்போட்டு எகிறி எங்கிட்டயே திரும்பி வருது" என்று பிரவின்குமார் முகமூடியைக் கழற்றி வீசினான்.

தோற்றதற்குக் கயல்விழி அளவுக்கு யாரும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள்.

ராமாமணி மெதுவாக நடந்து வந்தாள்.

"நீலம் ஒண்ணுகூட ஒடையலையாட்ட இருக்குது?"

"ஆமாங்க்கா" என்று சொன்ன பிறகுதான் கயல்விழிக்கு உறைத்தது. மைதானத்தில் எங்குமே நீலம் இல்லை. நீலம் என்று இவளுக்கு யார் சொன்னது?

ராமாமணி கம்பத்தடியில் இருந்த குண்டுப் பெட்டிக்குள் கைவிட்டு அடியிலிருந்து ஒரு முடிச்சை எடுத்தாள். பனியன் துணியில் ஒரு பிடி அரிசி. ஈரத்தை இழுக்கப் போடுவது. அவள் கடையில் வாங்குகிற ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கும். வேறு கடையையே பார்த்திராத டீம், கம்பெனிக்காரனே அரிசி போட்டு அனுப்புகிறான் என்று நம்பியிருந்தது. காலையில் இதைப் பார்த்தபோதுகூட, "இவனும் போட்டிருக்கறான் பாரு" என்றுதான் பிரவின்குமார் சொன்னான்.

"அரிசி முடியறது நா ஒருத்திதான், கண்ணு. இது எங்கடைப் பழைய சரக்கு. ஈரம் குடிச்சுப்போச்சு. மொகந்தெரியாத வெளியூர்க்காரங்களுக்குப் போன்ல தள்ளிவிடறது."

சொல்லக் கொஞ்சமும் கூசவில்லை அவள்.

"இந்தத் தடவ ஊரைப் பாக்காம அனுப்பிப்போட்டேன். நம்மூருக்கே வந்துருச்சு. உள்ளூர்ல பேரு கெட்டுப்போகுமேன்னு புதுப்பொட்டியோட வெலாசத்துல இருந்த பட்டறைக்குப் போனா, கிரவுண்டுக்குப் போயாச்சுன்னாங்க. வந்து பாத்தா நீங்க நிக்கறீங்க."

ராமாமணி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கயல்விழியின் முகத்தையும் பார்த்து, தாண்டிப் போனாள்.

"உங்கள்ல யாரு, ஆர்டர் போட்ட அந்தக் கயல்விழி?"

பிரவின்குமார் வாயைத் திறந்தான். கயல்விழி கண்ணாலேயே அவனை அடக்கினாள்.

கம்பத்தை விட்டு நகர்ந்து, திரும்பி, காலிச் சிலிண்டரை எடுக்கக் குனிந்தாள். போட்டிருந்த டீம் பனியனின் முதுகில் கொட்டை எழுத்தில் அடித்திருந்தது அவள் பெயர்.



பின்னாலிருந்து ராமாமணியின் குரல் வந்தது.

"சிலிண்டர் ரொப்போணுமுங்களா?"