பளபளக்கும் பாக்ஸ்

"புது ஸ்டீயரிங் பாக்ஸ் போட்டாச்சு சார். இனிமே சுண்டு விரலாலயே திருப்பலாம்," என்றாள் மெக்கானிக் ஹேசல்.

தன்னுடைய அறுபது வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பானட்டுக்குள் எட்டிப் பார்த்த பெர்சிவலுக்கு முகம் வெளிறிவிட்டது.

"என்னம்மா இது, இப்படிப் பளபளன்னு இருக்கு? கொஞ்சம் கிரீஸும் மண்ணும் அப்பிவிடு. ஞாயித்துக்கிழமை லட்லோவுல எங்க பழைய கார் கிளப்போட போட்டி. எவன் கண்ணுலயாவது பட்டா மானம் போயிடும்."

"தோள் வலிக்குதுன்னுதானே மாத்தினீங்க? சொன்னா புரிஞ்சுக்க மாட்டாங்களா?"

"போன வருஷம் எங்க கிளப் வில்ஃப்ரெட்டும் இதையேதான் சொன்னான். கையில கட்டோட வந்து கெஞ்சினான். காரோட வந்த அசல் பாக்ஸ் இல்லைன்னு போட்டி வாசல்லயே திருப்பி அனுப்பியாச்சு."

"ஒரு வாய் டீ கூடக் கொடுக்காமலா?"

"கொடுக்கலை."

ஹேசலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கிரீஸ் டப்பாவைத் திறந்தபடியே, "எந்தக் கல்நெஞ்சக்காரன் சார் அந்த நடுவர்? இந்த வருஷமும் அவன்தானா?" என்றாள்.

பெர்சிவல் அவள் முகத்தைப் பார்க்காமல் டப்பாவையே பார்த்தார்.

"ஆமாம்மா, நான்தான். மண்ணைக் கொஞ்சம் தாராளமாவே அப்பு."